நான் சாராள் என்று எழுதிய பிள்ளை

காலை ஒன்பதே கால். முதலில் என் கண்ணில் பட்டது ஒரு பொத்தான்.

வெள்ளைப் பொத்தான். வெளிர்நீல கவுனில், இடப்பக்க நெஞ்சுக்கு நேராக இருந்தது. காற்று இல்லை. பிள்ளையும் அசையாமல் நின்றாள். பொத்தான் மட்டும், உள்ளேயிருந்து யாரோ விரலால் தட்டுவதுபோல், எழும்பி எழும்பி அடங்கியது. கவுன் அவளுக்குச் சற்றுப் பெரியது. தோள் இரண்டு பக்கமும் இறங்கிக் கிடந்தது. தலையில் எண்ணெய் வழிந்தது. காதுக்குப் பின்னால் மட்டும் செம்மண் தூசி கழுவப்படாமல் இருந்தது.

இடம், அமரவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தின் வராந்தா. மேசைக்கு இந்தப் பக்கம் நான். முன்னால் நீளமான பதிவேடு, மைக்கூடு.

"பெயர்?" என்றேன்.

பிள்ளை வாயைத் திறப்பதற்குள் கூட வந்த பெண் சொன்னார். "சாராள். எழுதுங்க சாரே. எனக்க மவளாக்கும்."

அவரை எனக்குத் தெரியும். ஞானம்மாள். எங்கள் சபையைச் சேர்ந்தவர். கணவர் தேங்காய் வியாபாரம். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டு முறுக்கு எங்கள் வீட்டுக்கு வரும். அவருக்கு இரண்டு பையன்கள். பெண் கிடையாது.

பேனாவை மையில் தோய்த்தேன். சாராள் என்று எழுதினேன். வயது ஒன்பது. தகப்பன் பெயர், வீட்டு எண். கடைசிப் பத்தியில், வீட்டு மொழி: தமிழ்.

நெஞ்சைப் படம் வரைந்தவர்

இந்தத் தொடரில் இதுவரை பத்திரிகை நாட்களைப் பற்றியே எழுதிவந்தேன். அதற்கு முந்தைய சில ஆண்டுகள் நான் ஒரு சிறிய மிஷன் மருத்துவமனையில் எழுத்தராக இருந்தேன். கூடவே நாகர்கோவிலிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு அவ்வப்போது செய்தி அனுப்புவேன். எல்லைப் போராட்டம் சூடேறிக்கொண்டிருந்த காலம். தெற்குத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்பது கோரிக்கை. எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது.

மருத்துவமனைக்குக் குழந்தைகளைப் பார்க்க ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். கோட்டயம் பக்கத்தவர். பெயரை எழுதவில்லை. தன் பெயரைப் பத்திரிகையில் போடவேண்டாம் என்று வேறொரு காரியத்துக்காக ஒருமுறை சொன்னார். அதை எல்லாவற்றுக்குமாக எடுத்துக்கொண்டேன். அவருடைய தமிழ், நர்சுகளிடம் கற்றது. பாதி மலையாளம்.

அவருக்கு இரண்டு கேள்விகள் இருந்தன. இந்த ஊர்களில் எத்தனை பிள்ளைகளுக்கு இழுப்பு, அதாவது மூச்சிரைப்பு, இருக்கிறது, அது எதனால் வருகிறது என்பது ஒன்று. எத்தனை பிள்ளைகளுக்கு நெஞ்சு கெட்டிருக்கிறது என்பது இரண்டாவது. ஒரு வருடம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் எண்ணுவது என்று முடிவு செய்தார். பதிவேட்டைத் திறந்தால் இடப்பக்கம் இழுப்பு, வலப்பக்கம் நெஞ்சு.

நெஞ்சு விஷயத்தை எனக்கு அவர் விளக்கிய விதம் இன்றும் நினைவிருக்கிறது. "குட்டிக்கு முதல்ல தொண்டை நோவும். அது போகும். பின்னே கால் முட்டு வீங்கும். அதும் போகும். நெஞ்சில் வந்தது மட்டும் போகாது, கேட்டோ."

ஸ்டெதாஸ்கோப் குழலை நேரே நெஞ்சில் வைக்கமாட்டார். உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். பிள்ளையை முற்றத்துப் பலாமரம் வரை ஓடிவரச் சொல்லி மறுபடியும் கேட்பார். கேட்ட சத்தத்தைப் பென்சிலால் பதிவேட்டில் வரைவார். ஒரு கோடு, அதில் சின்ன மேடுகள், மேடுகளுக்கு நடுவே சாய்ந்த நிழல். நல்ல நெஞ்சுகளுக்கு நிழல் இருக்காது. பக்கம் பக்கமாக வெறும் கோடுகளும் மேடுகளும்.

மாமியார் கண்

இடப்பக்கத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கேதான் எங்களுக்குச் சிரிக்க ஏதாவது கிடைக்கும்.

பாலராமபுரத்தில் நெசவுக்காரர் பிள்ளைகளைப் பார்த்தோம். நூல் சுற்றுகிற அறையிலேயே தூங்குகிற பிள்ளைகளுக்கு இழுப்பு. ஞாயிற்றுக்கிழமை குறையும், திங்கள் கூடும். ஒரு தாய், "கோவிலுக்குப் போறதினாலயாக்கும் ஞாயிறு சுகமாவுது" என்றார். டாக்டரம்மா மறுக்கவில்லை. தறி ஓடாத நாள் என்று மட்டும் எழுதிக்கொண்டார்.

வெள்ளறடையில் ஒரு ரப்பர் வெட்டுகாரர் பையனைத் தூக்கிவந்தார். சில நாட்களில் உதடும் கண்ணும் வீங்கி மூச்சுத் திணறுமாம்.

"கண்ணாக்கும் டாக்டரே. எனக்க மாமியாருக்க கண்ணு. அவ வந்திட்டுப் போனா அண்ணு ராத்திரியே வீங்கும்."

"மாமியார் வரும்போ என்ன கொண்டுவருவார்?"

அவர் யோசித்தார். "கொல்லாங்கொட்டைதான். வறுத்துக் கொண்டுவருவா. வேற என்னத்தக் கொண்டுவருவா, பிசினாறி."

கொல்லாங்கொட்டை என்றால் முந்திரி. அது இந்தப் பையனுக்கு ஆகாது, இனி ஒரு பருப்புக்கூடக் கொடுக்கக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னார். அந்த மனிதருக்கு மருந்து எழுதித் தராதது ஏமாற்றம். மாமியார்மேல் குற்றம் இல்லாமற்போனது அதைவிடப் பெரிய ஏமாற்றம். டாக்டரம்மா அன்றுதான் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

கடைசிப் பத்தி

வீட்டு மொழி என்ற பத்தியைச் சேர்த்தவர் அவர்தான். காரணம் சின்னது. மாத்திரை கொடுக்க வீட்டுக்குப் போகிற நர்சு, அந்த வீட்டுக்காரர் பேச்சில் எடுத்துச் சொல்ல வேண்டும். தவறாகப் புரிந்துகொண்டு நிறுத்திவிடக்கூடாது.

ஒரே வாரத்தில் ஊரெல்லாம் அது வேறொன்றாகிவிட்டது. எல்லை ஆணையம் வரப்போகிறது, அதற்காக மிஷன் ஆஸ்பத்திரி பிள்ளைகளின் மொழியைக் கணக்கெடுக்கிறது என்றார்கள்.

பாறசாலையில் சைக்கிள் கடை வைத்திருந்த செல்லையன் எனக்குப் பள்ளித் தோழன். இணைப்புப் போராட்டத்துக்கு எங்கள் பகுதியில் ஓடியாடி ஆள் சேர்க்கிறவன். மருத்துவமனை வாசலில் என்னைப் பிடித்தான்.

"எலே, கட்சிக்காரன் எழுதினா கள்ளக் கணக்குன்னு சொல்லுவான். டாக்டர் எழுதினா எவன் என்ன சொல்லுவான்? அதும் மலையாளத்து டாக்டர். இதவிட ஒரு சாட்சி கிட்டுமா?"

"அது மருந்து குடுக்கதுக்குள்ள கணக்குடே."

"மருந்து குடுக்கட்டு. நான் வேண்டாம்னா சொன்னேன்? எழுதுக கை உனக்கதுதானே, மக்கா."

எதிர்த்தரப்பான மலையாளக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. ஒரு பையன் ஒரு பள்ளியில் கோபியாகவும், நான்கு நாள் கழித்து வேறு பள்ளியில் வேறு பெயரிலும் வந்து நின்றான். புருவத்துத் தழும்பை டாக்டரம்மா கண்டுபிடித்தார். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நான் சொல்லவில்லை.

நெய்யாற்று ஓரத்தில் அப்போது செங்கல் சூளைகள் இருந்தன. மழை ஓய்ந்ததும் தெற்கே விளவங்கோடு பக்கத்திலிருந்து குடும்பங்கள் வந்து ஓலைக் குடிசை போட்டு வேலை செய்யும். வைகாசியில் இடவப்பாதி மழை தொடங்கினால் திரும்பிப் போய்விடும். அந்தப் பிள்ளைகளும் சுடாத பச்சைக் கல் சுமக்கும்.

"சூளைப் பிள்ளைகளுக்கு வீட்டு நம்பர் கிடையாது" என்றான் செல்லையன். "நம்பர் இல்லாத பிள்ளைய எவன் எண்ணுவான்?" அதனால் நம்பர் உள்ள வீடுகளுக்கு அவர்களைப் பங்கிட்டான். ஒரு காலை, வண்டியில் ஏழு பேரைக் கூட்டிவந்தான். அந்தந்த வீட்டில் குளிப்பாட்டி, எண்ணெய் தேய்த்து, கிடைத்த உடுப்பைப் போட்டு வரிசையில் நிறுத்தினார்கள்.

ஏழு பேரையும் நான்தான் எழுதினேன். சாராள் நான்காவது.

கல் உடைக்கிறவரை நிறுத்தினேன்

டாக்டரம்மா அந்தப் பிள்ளையின் நெஞ்சில் குழலை வைத்தவர் எடுக்கவில்லை. சாலையோரம் ஒருவர் கல் உடைத்துக்கொண்டிருந்தார். "அயாளை நிறுத்தச் சொல்லு" என்றார் என்னிடம். போய் நிறுத்தினேன். திரும்பி வந்தபோது பிள்ளை பெஞ்சில் இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தாள். டாக்டரம்மா கண்ணை மூடியிருந்தார்.

பிறகு குழலை என் காதில் வைத்தார். அதுவரை அவர் அப்படிச் செய்ததில்லை. லப்-டப் என்று கேட்கும் என்று எதிர்பார்த்தேன். சரியாகச் சாத்தாத கதவிடுக்கில் காற்று புகுகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு முறை.

"தொண்டை வலி வந்ததா? முட்டு வீங்கினதா?" என்று ஞானம்மாளைக் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல டாக்டரே. நல்லா ஓடிச் சாடி நடப்பா."

"முட்டு நொந்துது" என்றாள் பிள்ளை, பெஞ்சைப் பார்த்துக்கொண்டு. "போன மழைக்கு. நடக்க ஒக்கல்ல."

"விளையாடி விழுந்ததாக்கும்" என்றார் ஞானம்மாள் உடனே. அவர் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன்.

டாக்டரம்மா நீளமாக ஒரு நிழல் வரைந்தார். தினமும் ஒரு ஸல்பா மாத்திரை, ஒரு நாளும் விடாமல், பல வருடங்கள். இன்னொரு முறை முட்டு வீங்கவிடக்கூடாது. வீங்கினால் நெஞ்சு தாங்காது. கனம் தூக்கக்கூடாது. மாதந்தோறும் நர்சு வீட்டுக்கு வந்து மாத்திரை தருவார். இவ்வளவையும் ஞானம்மாளிடம் இரண்டு முறை சொன்னார். ஞானம்மாள் இரண்டு முறையும் தலையாட்டினார்.

மத்தியானம் பள்ளிக் கிணற்றுக்கு அப்பால் செல்லையனின் வண்டி ஆற்றுப் பக்கம் திரும்புவதைப் பார்த்தேன். பிள்ளைகள் தங்கள் பழைய உடுப்புக்கு மாறியிருந்தார்கள். நீல கவுனை ஞானம்மாள் மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அன்று மாலையே சொல்லியிருக்கலாம். சூளை ஆறு மைல் தூரத்தில் இருந்தது. மழைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. நான் பத்திரிகைக்கு ஆறு வரி எழுதினேன். மருத்துவமனை ஒன்றின் கணக்கெடுப்பில் தமிழ்க் குழந்தைகளே அதிகம் எனத் தெரிகிறது என்று. நாலு வரி வெளிவந்தது.

அசையாத பொத்தான்

மாதந்தோறும் நர்சு எழுதித் தந்ததை நான் பதிவேட்டில் படியெடுத்தேன். "சாராள். மாத்திரை தரப்பட்டது. பிள்ளை பள்ளிக்குப் போயிருக்கிறாள். நலம் என்று தாய் சொல்கிறார்." அடுத்த மாதமும் அதே வரி.

இடவத்தில் மழை பிடித்தது. சூளைகள் அவிந்தன.

மூன்றாம் மாதம் டாக்டரம்மா பிள்ளையைப் பார்க்கவேண்டும் என்று ஆள் அனுப்பினார். இரண்டு தடவை ஞானம்மாள் காய்ச்சல் என்றார். மூன்றாம் தடவை கூட்டிவந்தார். அதே நீல கவுன். இம்முறை அளவு சரியாக இருந்தது. தோள் இறங்கவில்லை. அந்தக் கவுன் யாருக்குத் தைத்ததோ அவளே அதைப் போட்டிருந்தாள். ஞானம்மாளின் தங்கை மகள்.

வெள்ளைப் பொத்தான் அசையவில்லை.

டாக்டரம்மா குழலைத் தேய்த்துச் சூடாக்கினார். கேட்டார். பதிவேட்டில் பென்சில் படத்தைப் பார்த்தார். மறுபடியும் கேட்டார். மருத்துவமனை முற்றத்தில் ஓடவிட்டுக் கேட்டார். பிறகு குழலைக் கழுத்திலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

"ஞானம்மா, இது அந்தக் குட்டி அல்ல."

"அய்யோ டாக்டரே! எனக்க பிள்ளய எனக்குத் தெரியாதா?"

"முகம் எனக்கும் ஓர்மை இல்ல. ஒரு நாளைக்கு எத்தனை முகம். நெஞ்சு ஓர்மை உண்டு. அந்த நெஞ்சு மூணு மாசத்தில் இப்படி ஆகாது. மூணு வருஷத்திலும் ஆகாது."

தங்கை மகள் ஞானம்மாளைப் பார்த்து, "பெரியம்மா, நான் போகட்டா?" என்றாள். ஞானம்மாள் அழ ஆரம்பித்தார். மாத்திரை எங்கே என்று டாக்டரம்மா கேட்டார்.

"தகர டப்பாவில அப்படியே இரிக்கு டாக்டரே. நர்சம்மா கொண்டுவந்து தருவாங்க, வேண்டாம்னு எப்படிச் சொல்லுவேன்? சொன்னா வீட்டுக்காரருக்கும் கட்சிக்கும் கெட்ட பேராவாதா? இளையவனுக்கு இழுப்பு வந்தப்போ ரெண்டெண்ணம் குடுத்தேன். நெஞ்சுக்குள்ளதுதானேன்னு நினச்சேன். மேலு பூரா தடிச்சு, வாயெல்லாம் புண்ணாப் போச்சு. பின்னே ஒண்ணும் குடுக்கல்ல."

டாக்டரம்மா முதலில் அதைத்தான் எழுதினார். இடப்பக்கத்தில், அந்தப் பையனின் உண்மையான பெயரோடு: ஸல்பா ஆகாது, இனி ஒருபோதும் தரக்கூடாது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பேர் எழுதினது யார்?"

"நான்."

"தெரிஞ்சிட்டு எழுதினதா?"

"தெரிஞ்சுதான்."

திட்டுவார் என்று நின்றேன். அவர் பதிவேட்டை என் முன்னால் நகர்த்தி, இப்படி வேறு எவை என்று கேட்டார். ஏழு பெயர்களைக் காட்டினேன். பென்சிலால் ஏழு புள்ளி வைத்தார். மீதிப் பக்கங்களுக்கு நீ உறுதி சொல்ல முடியுமா என்றார். மற்ற எழுத்தர்களும் எழுதியிருந்தார்கள். மற்றத் தரப்பும் இருந்தது. முடியாது என்றேன்.

மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் பதிவேட்டை மூடினார்.

"கணக்கு போகட்டு. அந்தக் குட்டியைக் கொண்டுவா."

பட்டியல் என்றாலே

சூளை இருந்த இடத்தில் மண் தோண்டிய குழிகளெல்லாம் தண்ணீர். குடிசைகள் பிரிக்கப்பட்டிருந்தன. சூளை முதலாளிக்குத் தன் மேஸ்திரியின் பெயர் மட்டும் தெரியும். மேஸ்திரிக்கு ஆண்களின் பெயர் மட்டும் தெரியும். பிள்ளைகளைத் தேர்ந்து கூட்டிவந்த செல்லையனோ மறியலில் கைதாகி நெய்யாற்றின்கரை லாக்கப்பில் இருந்தான்.

பத்திரிகைக்காரன் என்று சொல்லி உள்ளே போனேன். தாடி வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கம்பிக்கு ஓடிவந்தான்.

"எலே, பேப்பர்ல எனக்க பேரு வந்துதா?"

"வந்துது. செல்லையா, அந்தச் சூளைப் பிள்ளை யாருக்க பிள்ளை? ஞானம்மாளுக்க வீட்டில விட்டது."

"ஏழு எண்ணம் இருந்துல்லா. எது?"

"நீல கவுன் போட்டது."

"ஓ... வேலப்பனுக்க மவ. அருமனைக்கு அப்புறம், மலை அடிவாரம். ஏன், அவளுக்கு என்ன?"

சொன்னேன். கம்பியில் வைத்திருந்த கையை எடுத்தான்.

"நான் ஆளு கூட்டத்தானே விளிச்சோண்டு வந்தேன்" என்றான். "நெஞ்சு எப்படி இரிக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" சற்றுப் பொறுத்து, "உனக்கு அண்ணைக்கே தெரிஞ்சுதா?" என்றான். தெரிந்தது என்றேன்.

மறுநாளே கிளம்பினேன். களியக்காவிளையைத் தாண்ட முடியவில்லை. தெற்கே துப்பாக்கிச் சூடு நடந்திருந்தது. பஸ் நின்றுவிட்டது. போலீஸ் ஜீப்புகள் சாலையில் ஓடின. என் பையிலிருந்த குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து ஒரு போலீஸ்காரர் ஒரு பகல் முழுவதும் உட்காரவைத்தார். திருப்பி அனுப்பினார்கள். பஸ் மீண்டும் ஓட மூன்று வாரம் ஆயிற்று.

அருமனைக்கு அப்பால் நடந்தே போனேன். வீடு வீடாகக் கேட்டேன். கையில் புத்தகம் இருந்தது. அதைப் பார்த்ததும் கதவுகள் அடைந்தன. ஒரு முற்றத்தில் கொடி நிறையச் சின்னச் சின்ன உடுப்புகள் காய்ந்தன. அந்த வீட்டுப் பெண் வாசலை மறைத்து நின்றார்.

"இஞ்ச பிள்ளைகள் ஒண்ணும் கிடையாது."

"நான் கணக்கெடுக்க வரல்ல அம்மா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுகு. நீரு எந்தக் கூட்டம்? அவனுவளா, இவனுவளா?"

சாலைக்கு வந்து புத்தகத்தைப் பைக்குள் போட்டேன். அடுத்த வீட்டில் பெயர் எதுவும் கேட்கவில்லை. மூச்சு முட்டுகிற ஒரு பெண்பிள்ளை இந்தப் பக்கம் உண்டா என்று மட்டும் கேட்டேன். கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியாலேயே வழி காட்டினார். "வேலப்பனுக்க மவ. அந்தா, மேட்டில."

ரெண்டும் பேசும்

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு வராது என்றார் தாய். ஆடியில் மறுபடியும் முட்டு வீங்கி, காய்ச்சலோடு கிடந்து எழுந்தவள். கால் வீங்கிப் பளபளத்தது. விரலால் அமுக்கினேன். குழி அப்படியே நின்றது. கழுத்து நரம்பு துடிப்பது வாசலிலிருந்தே தெரிந்தது.

என்னை அவள் முதலில் அடையாளம் கண்டாள்.

"நீங்க எனக்குப் பேரு எழுதின சாரு இல்லியா?"

ஆமாம் என்றேன்.

"சாராள்" என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினாள். "எனக்கு அந்தப் பேரு பிடிச்சிருந்து. வீட்ல வந்து சொன்னேன், என்ன இனி அப்படி விளிக்கச் சொல்லி. தம்பி விளிக்கமாட்டேன்னுட்டான்."

அவள் பெயர் கனகம்.

காளை வண்டியில் குழித்துறை வரை, பிறகு பஸ். தாய் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி பிள்ளையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு வந்தார். மருத்துவமனையில் டாக்டரம்மா குழலைத் தேய்த்துச் சூடாக்கி வைத்தார். அதிக நேரம் கேட்கவில்லை.

"இதுதான்" என்றார்.

புதிய சீட்டு எழுதினேன். கனகம். தகப்பன் வேலப்பன். வீட்டு எண் கிடையாது. கடைசிப் பத்திக்கு வந்தபோது வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று தாயைக் கேட்டேன். அவர் நெய்யாற்றின்கரையில் பிறந்தவர். மலையாளத்தில்தான் பதில் சொன்னார். தானும் மகளும் மலையாளம், கணவர் தமிழ்.

"இவ?"

"ரெண்டும் பேசும்."

"அம்மைக்கிட்ட மலையாளம்" என்றாள் கனகம் தலையணையிலிருந்து. "தம்பிக்கிட்ட சண்டை போடத் தமிழாக்கும்." சிரிக்கப் போனாள். இருமல் வந்து சிரிப்பு நின்றுபோனது.

இந்தப் பத்தியில் என்ன எழுத என்று டாக்டரம்மாவைக் கேட்டேன்.

"எழுதண்டா."

பத்தியை வெறுமையாக விட்டேன்.

பன்னிரண்டு நாட்கள்

வீக்கம் முதல் வாரம் கொஞ்சம் வடிந்தது. ஒரு நாள் அவள் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். அன்று ஞானம்மாள் வந்தார். நீல கவுனைத் துவைத்துத் தேய்த்து மடித்துக் கொண்டுவந்திருந்தார். தங்கையிடம் கேட்டு வாங்கினாராம். தாய் கையில் கொடுத்துவிட்டு வார்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வாருங்கள் என்று அந்தத் தாய்தான் கூப்பிட்டார். ஞானம்மாள் எதற்கு வந்திருக்கிறார் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. உடுப்பு தர வந்த நல்ல மனுஷி என்று நினைத்தார். பழம் ஒன்றை எடுத்து ஞானம்மாளுக்குக் கொடுத்தார்.

கனகம் கவுனைத் தலையணைக்கு அடியில் வைக்கச் சொன்னாள். மருத்துவமனை உடுப்பில் பொத்தான் கிடையாது, பின்னால் நாடா. அதனால் அந்த நாட்களில் அவள் நெஞ்சு துடிப்பதைத் துணி முழுவதிலும் பார்க்க முடிந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அது நின்றது. தகப்பன் அந்தப் பருவத்துக்கு வேறு எங்கோ வேலைக்குப் போயிருந்தார். சொல்ல ஆள் அனுப்ப, எங்கே அனுப்புவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. நீல கவுனைப் போட்டுத்தான் கொண்டுபோனார்கள். கைகளை மடக்கித் துணியைச் சரிசெய்தது ஞானம்மாள். நான் வண்டி பிடித்துக் கொடுத்தேன்.

மாத்திரை தொடங்கிய நாளிலிருந்தே அவள் கைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரம்மாவை ஒரு முறை கேட்டேன். "இன்னொரு முறை முட்டு வீங்கியிருக்காது" என்றார்.

இந்தக் கணக்கெடுப்பை ஆராய்ச்சிக் கட்டுரையாக்கிச் சென்னையில் ஒரு மருத்துவ மாநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தார். அனுப்பவில்லை. அடுத்த வருடம் மாற்றலாகிப் போனார். போகும்போது பதிவேட்டை எழுத்தர் அறை அலமாரியில் வைத்தார். சாராள் என்ற வரிக்கு எதிரே பென்சில் படம் இருந்தது. அதற்குக் கீழே, அதே பென்சிலில், இரண்டாவது படமும் இருந்தது. அதில் நிழல் மேடுகளையெல்லாம் மூடியிருந்தது. வீட்டு மொழி: தமிழ் என்பது என் கையெழுத்தில் அப்படியே இருந்தது.

ஆணையத்தார் திருவனந்தபுரத்துக்கு வந்தார்கள். இரண்டு தரப்பும் கட்டுக்கட்டாகக் காகிதங்கள் கொடுத்தன. நான் பத்திரிகைக்காக அங்கே போயிருந்தேன். மருத்துவமனைப் பதிவேட்டை யாரும் கேட்கவில்லை.